மெஷின் பொய் சொல்லாதுங்களா?

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. ஆணி ஜாஸ்தி. இன்னிக்கும் வந்திருக்க மாட்டேன். ஆனா போன மாசம் நடந்த ஒரு விஷயம் தொண்டையில மாட்டின மீன் முள்ளு மாதிரி உறுத்திக்கிட்டே இருக்கு. எழுதிட்டா போயிரும்னு ஒரு நப்பாசை. கொஞ்சம் நீளமான பதிவு. நடுவுல இயற்பியல் வரும், ஓடிராதீங்க மக்கா.

பெரியம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கையில காசு பத்தலை. 1974-ல கல்யாணத்துக்கு எங்க தாத்தா செஞ்சு போட்ட ரெட்டைவடச் சங்கிலி, அஞ்சு பவுன், அதைக் கொடுத்துரலாம்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. நானும் பெரியம்மா பையனும் (எனக்கு அண்ணன், சாஃப்ட்வேர் பார்ட்டி) கூடப் போனோம். கடை பேரு வேண்டாம். பழைய தங்கம் வாங்குற எல்லாக் கடையும் மாதிரி ஒரு கடை.

கடைக்காரர் சங்கிலியை ஒரு டப்பாவுக்குள்ள வச்சு மூடினாரு. கேரட் மீட்டர். முப்பது செகண்டு. திரையில 84.2-ன்னு வந்துச்சு.

"அம்மா, 22 கேரட்டுன்னா 91.6 இருக்கணும். இது 84 தான். அந்தக் காலத்து ஆசாரிங்க இப்படித்தான்மா, செம்பைக் கலந்து விட்ருவாங்க"ன்னாரு.

பெரியம்மா மூஞ்சி விழுந்துருச்சு. பணம் குறையுதேன்னு இல்லை. அந்த ஆசாரி எங்க தெருக்காரர். தாத்தாவோட சிநேகிதர். தாத்தா பக்கத்துல உக்காந்திருக்க, கண்ணு முன்னாடி உருக்கிச் செஞ்ச நகை. "அப்பாவையே ஏமாத்திட்டானே பாவி"ன்னு வீட்டுக்கு வர்ற வரைக்கும் புலம்பல். ஆசாரி செத்து இருபது வருஷம் ஆச்சு. அவரு மகன் இன்னும் அதே தெருவுலதான் ஆட்டோ ஓட்டுறாரு. மறுநாள் அவரு "என்னக்கா, ஆபரேஷன் எப்போ?"ன்னு கேட்டதுக்கு பெரியம்மா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. நாப்பது வருஷப் பழக்கம், ஒரு தசம எண்ணால முடிஞ்சது.

நான் அண்ணன்கிட்ட, "இன்னொரு இடத்துல வச்சுப் பாக்கச் சொல்லியிருக்கணும்ணே"ன்னேன். அதுக்கு அண்ணன் சொன்ன பதில்தான் இந்தப் பதிவுக்கே காரணம்.

"டேய், மனுசன் பொய் சொல்லுவான். மெஷின் பொய் சொல்லாதுடா. அது எக்ஸ்ரே."

வெளங்கிரும்.

இங்க ஒண்ணு சொல்லிர்றேன். நான் சோறு திங்கிறதே இதே ஜாதி மெஷினை வச்சுத்தான். சிமெண்ட்டு ஆலை லேப்ல வேலை. கேரட் மீட்டரோட பெரியப்பா ஒண்ணு எங்க லேப்ல உக்காந்திருக்கு. அதனால மெஷின் மேல எனக்குக் கோவம் இல்லை. மெஷின் என்ன சொல்லுதுன்னு தெரியாமலே அதுக்குச் சூடம் காட்டுறாங்களே, அந்தக் கூட்டத்து மேலதான் கோவம்.

முதல்ல ஒரு பள்ளிக்கூடப் படம். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். நடுவுல அணுக்கரு. சுத்தி கே, எல், எம்னு வட்டங்கள். வெளியில இருந்து ஒரு அடி விழுந்து கே வட்டத்துல இருந்து ஒரு எலெக்ட்ரான் தெறிச்சுப் போவுது. அந்த ஓட்டையில எல் வட்டத்து எலெக்ட்ரான் வந்து விழுது. மிச்ச ஆற்றல் எக்ஸ்ரேயா வெளிய வருது. அந்த எக்ஸ்ரேயோட ஆற்றலைப் பாத்தா எந்தத் தனிமம்னு சொல்லிரலாம். 1913-ல மோஸ்லி கண்டுபிடிச்சது. சுபம்.

நான் படிச்ச புத்தகத்துல இதோட முடிச்சுட்டாங்க. பாதி உண்மை. அந்த இன்னொரு பாதி தெரியாததுனாலதான் அண்ணன் மாதிரி நல்லாப் படிச்ச ஆளுங்ககூட "எக்ஸ்ரேடா"ன்னு கையெடுத்துக் கும்பிடுறாங்க.

ஓட்டை விழுந்தா எக்ஸ்ரே வந்தே தீரணும்னு எந்தச் சட்டமும் இல்லை. டவுன் பஸ்ஸை நினைச்சுக்கோங்க. முன் சீட்டு காலியாவுது. பின்னாடி நிக்கிறவரு தாவி வந்து உக்கார்றாரு. அந்தத் தாவுன வேகம் எங்கயாவது போயாகணும்ல? ஒண்ணு, உக்காந்த சந்தோஷத்துல ஒரு விசில் அடிக்கலாம். அதுதான் எக்ஸ்ரே. இல்லன்னா தாவுற வேகத்துல பக்கத்துல நின்னவரை இடிச்சு ஃபுட்போர்டுல இருந்து வெளிய தள்ளிரலாம். விசிலே கிடையாது. இப்படித் தள்ளுபட்டு வெளிய விழற எலெக்ட்ரானுக்குத்தான் ஓஜே எலெக்ட்ரான்னு பேரு.

நூறு ஓட்டை விழுந்தா அதுல எத்தனை விசிலா மாறுதுங்கற கணக்குக்கு ஃப்ளூரசென்ஸ் ஈல்டுன்னு பேரு. ஒளிர்வு விளைச்சல்னு வச்சுக்குவோம். நூறு விதை போட்டா எத்தனை முளைக்குது, அவ்வளவுதான் விஷயம்.

இந்த விளைச்சல் தனிமத்துக்குத் தனிமம் கன்னாபின்னான்னு மாறும். கே கூட்டுல கார்பனுக்கு ஆயிரத்துக்கு மூணு. ஆக்சிஜனுக்கு நூத்துக்கு ஒண்ணுகூட இல்லை. அலுமினியத்துக்கு 4, சிலிக்கானுக்கு 5, கால்சியத்துக்கு 16, இரும்புக்கு 34, செம்புக்கு 44, வெள்ளிக்கு 83. துத்தநாகம், காலியம் பக்கம் வரும்போதுதான் சரிபாதியைத் தாண்டுது. அதாவது நம்ம உடம்புல, சோத்துல, மண்ணுல இருக்கற பெரும்பாலான அணுக்கள்ல உள்கூட்டு ஓட்டை விழுந்தா எக்ஸ்ரே வர்றதுதான் அபூர்வம், எலெக்ட்ரான் தெறிக்கறதுதான் வழக்கம். புத்தகம் விதிவிலக்கைப் படம் போட்டுக் காட்டிட்டு விதியை விட்ருச்சு!

ஏன் இப்படின்னா, விசில் அடிக்கற வேகம் அணு எண்ணோட நாலாம் அடுக்குல ஏறுது. ஆக்சிஜன் 8, செம்பு 29. வகுத்து நாலாம் அடுக்குக்கு ஏத்திப் பாருங்க, 170 மடங்குக்கு மேல வரும். ஆனா இடிச்சுத் தள்ளுற வேகம் அணு எண் ஏறினாலும் பெருசா மாறுறதில்லை. அதனால லேசான அணுவுல தள்ளுமுள்ளு ஜெயிக்குது, கனமான அணுவுல விசில் ஜெயிக்குது.

(ஒரு கிளைக்கதை. இந்தத் தள்ளுமுள்ளை 1922-லயே பெர்லின்ல லிசே மைட்னர் அச்சுல போட்டுட்டாங்க. பாரிஸ்ல பியர் ஓஜே முகில் அறையில பாத்து எழுதுனது 1923. அவரு தனியாத்தான் கண்டுபிடிச்சாரு, இன்னும் விரிவாவும் ஆராய்ஞ்சாரு, அதுல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்லை. ஆனா பேரு அவருக்கு மட்டும் போச்சு. ஓஜே-மைட்னர்னு சேத்துச் சொல்லுங்கப்பான்னு இயற்பியல்காரங்க சிலர் 2019-ல கேட்டு எழுதினாங்க. அணுப்பிளவுக்கான நோபல்லயும் அந்தம்மாவை விட்டுட்டு ஆட்டோ ஹானுக்கு மட்டும் கொடுத்தாங்க, 1944-ஆம் வருஷப் பரிசு. அது தனிப் பதிவு போட வேண்டிய வயித்தெரிச்சல்.)

எங்க லேப்ல தினம் நடக்குற கூத்தைக் கேளுங்க. சிமெண்ட்டு எடையில மூணுல ஒரு பங்கு ஆக்சிஜன். எங்க ரிப்போர்ட்டுல கால்சியம் ஆக்சைடு இவ்வளவு, சிலிக்கான் டை ஆக்சைடு இவ்வளவுன்னு அழகா அச்சாகி வரும். ஆனா அந்த மெஷின் ஆக்சிஜனைப் பாக்கவே இல்லை! விளைச்சல் நூத்துக்கு ஒண்ணுகூடக் கிடையாது, வர்ற கொஞ்சூண்டு எக்ஸ்ரேயும் 0.5 கேஇவி, நோஞ்சான், வர்ற வழியிலயே செத்துரும். அதனால கால்சியத்தை மட்டும் அளந்துட்டு, அதோட எவ்வளவு ஆக்சிஜன் சேந்திருக்கும்னு மனக்கணக்குப் போட்டு ரிப்போர்ட்டுல எழுதிருது. நாங்களும் கையெழுத்துப் போடுறோம். தப்பு இல்லை, ஏன்னா அது கணக்குன்னு எங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு ஷிப்ட்டும், பக்குவம் தெரிஞ்ச ஒரு மாதிரியை உள்ள விட்டு மெஷின் ஒழுங்கா இருக்கான்னு பாத்துட்டுத்தான் வேலையையே ஆரம்பிப்போம்.

சரி, தங்கத்துக்கு வருவோம்.

தங்கத்தோட கே கூட்டுல விளைச்சல் நூத்துக்கு 96. பிரமாதம்தான். ஆனா அந்தக் கூட்டுல இருந்து எலெக்ட்ரானைப் பேக்க 80.7 கேஇவி வேணும். கடை மேசையில உக்காந்திருக்கற டப்பாவோட குழாய் பெரும்பாலும் 40, 50 கிலோவோல்ட்டுலதான் ஓடும். எட்டாது. அதனால அடுத்த வரிசை, எல் கூடு. இங்கதான் ஆட்டம் சிக்கலாவுது.

எல் கூடு ஒரே சீட்டு இல்லை, ஒரே வரிசையில மூணு சீட்டு. எல்1, எல்2, எல்3. ஜன்னலோர சீட்டு (எல்1) காலியான உடனே பின்வரிசை ஆளு வர்றதுக்குள்ள, அதே வரிசையில பக்கத்து ஆளு நகந்து ஜன்னலுக்குப் போயிருவாரு. நம்ம பஸ்ஸுல நடக்காததா? ஓட்டை இடம் மாறிடுச்சு. இதை 1935-ல எழுதினவங்க கோஸ்டர், குரோனிக். தங்கத்துல எல்1-ல நூறு ஓட்டை விழுந்தா, கிராஸ் 1979-ல போட்ட அட்டவணைப்படி சுமார் 53 எல்3-க்கு நகந்துரும், 14 எல்2-க்குப் போவும். நேரா எக்ஸ்ரே ஆகறது 11 தான். மிச்சம் தள்ளுமுள்ளு.

கேரட் மீட்டர் எண்ணுற தங்கக் கோடுகள்ல முக்கியமானது 9.7 கேஇவி கோடு. அது எல்3 ஓட்டையில இருந்து வர்றது. அங்க விளைச்சல் சுமார் 32. அதாவது எல்3-க்கு வந்து சேர்ற நூறு ஓட்டையில 68 சத்தமே இல்லாம எலெக்ட்ரானா போயிருது. அந்த 68-ஐ மெஷின் பாக்கவே பாக்காது. பக்கத்துல நிக்குற செம்புக்கு விளைச்சல் 44, வெள்ளிக்கு 83. வந்த விசிலை அப்படியே எண்ணினா தங்கம் குறைஞ்சும் வெள்ளி கூடியும் தெரியும். அதனால உள்ள இருக்கற மென்பொருள் இந்த எண்களை எல்லாம் வச்சுப் பெருக்கி வகுத்து, அப்புறம்தான் திரையில காட்டுது. இதுல தங்கத்தோட எக்ஸ்ரே போற வழியில செம்பை அடிச்சு, செம்பை இன்னும் கொஞ்சம் விசிலடிக்க வைக்கும். (செம்புக்குத் தேவை 8.98 கேஇவி, தங்கக் கோட்டுக்கு 9.7. போதும்ல?) அதையும் கழிக்கணும்.

ஆக, திரையில வந்த 84.2-ங்கறது மெஷின் "பாத்தது" இல்லைங்கண்ணா. மெஷின் ஊகிச்சது. நல்ல ஊகம், நான் மறுக்கலை. அரசாங்க முத்திரை போட்ட மாதிரித் தங்கத்தை வச்சு அடிக்கடி சரிபாத்தா இந்த விளைச்சல் பிசகு எல்லாம் அதுலயே அடிபட்டுப் போயி, ரொம்ப நெருக்கமா வரும். ஆனா அந்தக் கடையில மாதிரித் தங்கம் வச்சு எப்போ பாத்தீங்கன்னு நாங்க கேக்கவும் இல்லை, அவரு காட்டவும் இல்லை.

இதைவிடப் பெரிய கோளாறு ஒண்ணு இருக்கு. பெரும்பாலான டப்பாங்க, பாத்த தனிமங்களை எல்லாம் கூட்டி 100-ன்னு ஆக்கிரும். பாக்க முடியாததும், தேடச் சொல்லாததும் அதுக்கு உலகத்துலயே கிடையாது. கடைக்காரர் இரிடியத்தையும் ருத்தேனியத்தையும் தேடுற பட்டியல்ல வைக்கலைன்னா, அந்தப் பொடி கலந்த நகை யோக்கியமா வெளிய வந்தாலும் வந்துரும். அரக்கு அடைச்ச உருண்டையை உள்ள வைங்க. அரக்கு முழுக்கக் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன். விசிலே அடிக்கத் தெரியாத கூட்டம். அடிச்சாலும் தங்கத் தகட்டைத் தாண்டி வராது. மெஷின் 91.6-ன்னு சத்தியம் பண்ணும், நீங்க அரக்குக்குத் தங்க விலை கொடுத்துட்டு வருவீங்க. அப்ப மட்டும் யாரும் "மெஷின் பொய் சொல்லாது"ன்னு சொல்லமாட்டாங்க :)

அப்புறம் ஆழம். இந்த 9.7 கேஇவி எக்ஸ்ரே தங்கத்துக்குள்ள இருந்து தப்பிச்சு வர்றது மேலாக்க ஒரு பத்து மைக்ரான் அளவுல இருந்துதான். நம்ம தலைமுடி மொத்தம் 70 மைக்ரான் இருக்கும். ஏழுல ஒரு பங்கு! அகலம் பாத்தா மிளகளவு கூட இல்லாத ஒரு புள்ளி. அஞ்சு பவுன் சங்கிலிக்கு அந்தப் புள்ளியோட மேல்தோல்தான் சாட்சி. பழைய நகையை ஆசிட்டுல போட்டு எடுத்து நிறம் ஏத்தியிருந்தா மேல்தோல்ல செம்பு கரைஞ்சு போயிருக்கும், தங்கம் கூடித் தெரியும். அதே புள்ளி பத்தவச்ச இடத்துல விழுந்தா?

பத்தவச்ச இடம். இங்கதான் எங்க ஆசாரி மாட்டினாரு. அந்தக் காலத்துல வளையங்களை ஒட்ட "பொடி" வச்சு ஊதுவாங்க. ("பொடி வச்சுப் பேசுறான்"னு சொல்றோமே, அதே பொடி.) தங்கத்தோட வெள்ளி, செம்பு சேத்து, சங்கிலிக்கு முன்னாடி அது உருகுற மாதிரிச் செஞ்சது. உருகணும்னா மாத்து குறையத்தான் வேணும். கேடிஎம் எல்லாம் பின்னாடி வந்த சமாச்சாரம். ரெட்டைவடச் சங்கிலியில எத்தனை வளையம், எத்தனை பத்துன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. கடைக்காரர் கொக்கி பக்கத்துல, ரெண்டு வடமும் சேர்ற முடிச்சுல வச்சுப் பாத்தாரு. சங்கிலியிலயே பொடி அதிகம் இருக்கற இடம் அது. தெரிஞ்சு வச்சாரா தெரியாம வச்சாரான்னு எனக்குத் தெரியாது, சண்டைக்குப் போகவும் இஷ்டமில்லை.

நல்லவேளை அன்னிக்கு விக்கலை. பெரியம்மா அழுததுல அப்படியே திரும்பி வந்துட்டோம். மறுவாரம் வேற ஊருக்கு எடுத்துட்டுப் போயி, எங்க முன்னாடியே அஞ்சு இடத்துல வைக்கச் சொன்னேன். நடு வளையத்துல 91.1, இன்னொண்ணுல 90.7, முடிச்சுல அதே 84 சொச்சம். அப்புறம் உருக்கி, கட்டியில இருந்து துணுக்கு எடுத்து, ஈயத்தோட புடம் போட்டு, நைட்ரிக் அமிலத்துல வெள்ளியைக் கரைச்சு, மிஞ்சின தங்கத்தைத் தராசுல நிறுத்துப் பாத்தாங்க. 89.1. பொடிக்கெல்லாம் சேத்து அவ்வளவுதான் குறைஞ்சிருக்கு. தாத்தா பக்கத்துல உக்காந்து பாத்த வேலை, ஆசாரி யோக்கியமாத்தான் பாத்திருக்காரு.

அஞ்சு பவுன் 40 கிராம். 84.2-க்கும் 89.1-க்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட ரெண்டு கிராம். கால் பவுன். இன்னிக்கு விலைக்கு அது எவ்வளவுன்னு உங்க ஊர்க் கடைப் பலகையைப் பாத்துக்கோங்க.

"ஹால்மார்க்கே எக்ஸ்ரேயை வச்சுத்தான போடுறாங்க"ன்னு அண்ணன் அடுத்த பந்தைப் போட்டாரு. அதுலயும் பாதிதான் உண்மை. 2021 ஜூன் 16-ல இருந்து படிப்படியா ஹால்மார்க் கட்டாயம் ஆச்சு, 2023 ஏப்ரல் 1-ல இருந்து ஆறு இலக்க அடையாள எண் இல்லாம விக்கக்கூடாதுன்னும் ஆச்சு. அந்த மையங்கள்ல எக்ஸ்ரே மெஷின் இருக்கத்தான் செய்யுது. எல்லா உருப்படியும் ஒரே தரமான்னு பிரிச்சுப் பாக்க அது. மாத்தை உறுதி பண்றது புடம்தான். நகையில இருந்து சுரண்டி எடுத்து, எரிச்சு, நிறுத்துப் பாக்குற பழைய முறை. முத்திரை குத்துறவனே எக்ஸ்ரேக்குக் கடைசி வார்த்தையைக் கொடுக்கலை, கல்லாப்பெட்டிக்குப் பின்னாடி இருக்கற டப்பாவுக்கு நாம எதுக்குக் கொடுக்கணும்?

அந்தக் காலத்து உரைகல்லு மேல எனக்குப் பாசம் ஒண்ணும் இல்லை. கண்ணை நம்புறதைவிட மெஷின் ஆயிரம் மடங்கு தேவலை. ஆனா உரைகல்லு வச்சிருந்த ஆளுகிட்ட "நல்லா உரசிப் பாருய்யா, அந்தப் பக்கமும் பாரு"ன்னு எங்க ஆச்சி அதட்டும். டப்பாவைப் பாத்த உடனே நமக்கு வாயடைச்சுப் போவுது. தசமப் புள்ளிக்கு அப்புறம் ஒரு எண் இருந்தா போதும், செத்துப்போன மனுசனைத் திருடன்னு சொல்லிட்டு வந்துருவோம். கே, எல், எம் வட்டம் வரைஞ்சு பத்து மார்க் வாங்கின நாம எல்லாருமே இதுல கூட்டாளிங்க. அந்தப் படத்துக்குக் கீழ "எல்லா ஓட்டையும் எக்ஸ்ரே தராது"ன்னு ஒரே ஒரு வரி போட்டிருந்தா, என்னைக்காவது ஒருநாள் கடையில நின்னு "ஏண்ணே, இதை எப்படிக் கணக்குப் போடுது?"ன்னு கேக்கவாவது தோணியிருக்கும்.

பெரியம்மாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சுது. ஒரு கண்ணுல கட்டுப் பிரிச்சாச்சு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதும் கொண்டு வந்து விட்டதும் ஆசாரி மகன் ஆட்டோதான். புடம் போட்ட சீட்டை அவருகிட்டயே படிச்சுக் காட்டச் சொன்னாங்க பெரியம்மா. எதுக்குக் காட்டச் சொல்றாங்கன்னு அவருக்கு விளங்கலை. நாங்களும் விளக்கலை.

அண்ணன் இன்னும் ஒத்துக்கலை. "அந்த மெஷின் ஓட்டை மெஷினா இருக்கும்டா"ங்கறாரு. பின்னூட்டத்துல அவரு கட்சிக்கு வர்றவங்க தாராளமா வரலாம், திட்டலாம். ஆனா எந்த இடத்துல வச்சுப் பாத்தீங்க, எத்தனை இடத்துல பாத்தீங்க, மாதிரித் தங்கத்துக்கு அன்னிக்கு மெஷின் என்ன காட்டுச்சு, இந்த மூணையும் எழுதிட்டுத் திட்டுங்க சாமிகளா.